மேலே வந்த கல்துகள் எங்கே போச்சு?



நம்ம ஊர்ல போர் போடுறவர், மேலே வர்ற மண்ணைக் கையில எடுத்துப் பார்த்தே களியா, மணலா, தண்ணி தேறுமான்னு சொல்லிடுவார். நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் பக்கம் எண்ணெய்க் கிணறு போட்டவர்கள் செய்ததும் இதே வேலைதான், பெரிய அளவில். குழாய்க்குள் இறக்கிய சேற்றுக் கரைசல், பிட்டு வெட்டிய கல்துகளை மேலே கொண்டுவரும். அதிரும் சல்லடையில் துகளைப் பிரித்து, எந்த ஆழத்துத் துகள் என்று கணக்குப் போட்டு எழுதுவார்கள். கழுவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல். புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் எண்ணெய்க்கு அடையாளம். சேற்றோடு வரும் வாயுவை அளக்கத் தனிக் கருவி.

சோதிக்கிறது ஒரு கைப்பிடி. மிச்சம் அவ்வளவும் எங்கே? குழியில்! 2005-ல் மத்திய அரசு போட்ட விதி என்ன சொல்லுது? துகளை நன்றாகக் கழுவணும். கழிவுச் சேற்றுக் குழிக்குத் தண்ணீர் கசியாத விரிப்பு போடணும். கசிவைச் சேகரிக்க ஏற்பாடு வேணும். குழி நிரம்பினால் மேலேயும் விரிப்பு போட்டு மண்ணால் மூடணும்.

2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதுக் கிணறுகளைத்தான் தடுக்குது. ஏற்கெனவே நடந்துவந்த வேலைகளைத் தொடவில்லை. அடியில் இருப்பதை ஆழம் ஆழமாக எழுதி வைத்தவர்களுக்கு, மேலே புதைத்ததன் கணக்கு மட்டும் தெரியாதா? குழிகள் எங்கெங்கே, விரிப்பு போட்டார்களா, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்களா? எழுத்தில் கேட்போம். வருகிற கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். நகலை எல்லோரும் சேர்ந்தே கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோவோம்.