திப்புவின் வாளும் அதன் சான்றும்

பழைய வாள் ஒன்றைத் தராசில் இட்டால் அது வெறும் இரும்பு. அதனையே இன்னார் தம் இடையில் தரித்தார் என்று மெய்ப்பிக்க முடிந்தால் அதன் விலைக்கு வரம்பில்லை. அமெரிக்காவில் எல்லைப்புறக் குடியேற்றக் காலத்து அரசியல் தலைவர்களின் கைத்துப்பாக்கிகளைத் தேடி அலைவோர் உளர். பெங்களூரில் இந்தப் பேச்சு எழுந்தால் ஒரே ஒரு பெயர்தான் முதலில் வரும். அது திப்பு சுல்தானின் பெயர்.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. தாக்குதலை நடத்திச் சென்ற பேயர்டு என்ற தளபதி, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1784 வரை விலங்கோடு கிடந்தவர். வெற்றிக்குப் பின் திப்புவின் வாள் அவருக்கே பரிசாக அளிக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கு வந்த புக்கானன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், சுல்தானின் படுக்கையறையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மேற்கூரையிலிருந்து சங்கிலிகளால் தொங்கவிட்ட தூளியில் சுல்தான் உறங்கினாராம். அத்தூளியில் ஒரு வாளும், குண்டு நிரப்பிய இரு கைத்துப்பாக்கிகளும் இருந்தனவாம். உறக்கத்திலும் நம்பிக்கை கொள்ள இயலாத ஓர் அரசரின் நிலையை இதைவிடத் தெளிவாக எந்த வரலாற்று நூலும் கூறிவிடாது.

இத்தகைய பொருளை இனங்காண்பது எவ்வாறு? திப்புவின் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகளில் புலிவரிக் கோலம் இருக்கும், புலித்தலை இருக்கும், தந்தை ஹைதரின் பெயர் முத்திரை இருக்கும். ஆண்டுக் கணக்கோ நபிகள் பிறப்பிலிருந்து எண்ணப்படுவது. அதன் இலக்கங்களும் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டவை. இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1992இல் தனி நூலே எழுதியவர் ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர். அவர் சேர்த்தவை 2015இல் லண்டனில் ஏலத்திற்கு வந்தபோது, 30 உருப்படிகள் 60 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயின. 2023 மே 23ஆம் நாள், பேயர்டுக்குப் பரிசாகச் சென்ற படுக்கையறை வாள் ஒன்றே 1 கோடியே 40 இலட்சம் பவுனைத் தாண்டியது.

ஆயினும் புலிவரியை எந்தக் கொல்லரும் செதுக்கிவிடலாம் அன்றோ? ஆகையால் விலை பெறுவது கோலமன்று. எடுத்தவர் யார், அவரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று அறுபடாமல் வரும் எழுத்துச் சான்றே விலை பெறுகிறது.

அச்சான்றுச் சங்கிலியைக் காக்க வேண்டியவர் சேகரிப்பவரே. பெங்களூர்த் தொழிலதிபர் விஜய் மல்லையா, 2003இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்க்குத் திப்புவின் வாளை வாங்கினார். 2004இல் தேர்தல் வேளையில் அதனை ஊரறியச் செய்தார். வாள் நாடு திரும்பியது என்று பலரும் மகிழ்ந்தனர். 2018இல் லண்டன் நீதிமன்றத்தில் அவருடைய சொத்துக் கணக்கு விசாரிக்கப்பட்டபோதோ, தீய சகுனம் எனக் குடும்பத்தார் கருதியதால் 2016இலேயே அது கொடுக்கப்பட்டுவிட்டதாகக் கூறப்பட்டது. வாங்கியவருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொதுமக்கள் கண்ணாரக் காணும் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தால், சகுனம் பார்க்க அங்கு எவரும் இருந்திருக்கமாட்டார்.

நம் தமிழகக் கதையோ இன்னும் வருத்தத்திற்குரியது. 1801இல் பாளையக்காரர்களின் படைக்கலங்களைக் கும்பினியார் பறித்தனர். தஞ்சை அரண்மனையிலோ வேல், வாள், கட்டாரி எனக் குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்திற்கு அனுப்பினர். எஞ்சியவற்றை 1863இல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர். நாயக்க மன்னரும் மராட்டிய மன்னரும் தரித்தவை அக்குவியலில் இருந்திருக்கலாம். அங்கே பேயர்டும் இல்லை, புக்கானனும் இல்லை. எது யாருடையது என்று ஒரு வரி எழுதி வைப்பார் இல்லை.

பிழைப்பு நாடிப் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் வழி வந்த வாளோ கத்தியோ பரணில் கிடக்கலாம். ஊர் விட்டு ஊர் மாறுகையில் பொருள் உடன் வரும். அதன் கதை முதியவர்களோடு ஊரிலேயே தங்கிவிடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, கேட்ட நாளையும் சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள். நேரில் கண்டதைக் கண்டதென்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேள்வியென்றும் தனித்தனியே எழுதுங்கள். துரு போகட்டும் என்று தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். முத்திரையும் எழுத்தும் அத்துடன் போய்விடும். நூறாண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை; அவற்றைத் தனியார் எவரும் நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது.