எருக்கந்தூணும் மணிலா மாளிகையும்



பூந்தமல்லிக்கு வருகிற வழியில் இன்று காலை திருமுல்லைவாயிலில் இறங்கிவிட்டு வந்தேன். அழைப்பிதழில் ஒன்பதரை மணி என்று போட்டிருந்தது. நம் கருத்தரங்குகள் பத்தேகாலுக்கு முன்னால் தொடங்கியதில்லை என்கிற தைரியம்தான்.

மாசிலாமணீசுவரர் கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் இருக்கின்றன. எருக்கு என்றால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தண்டவாளத்து ஓரம் தானாக முளைக்கிற அதே செடிதான். ஒடித்தால் பால் வடியும். அதில் தூண் செய்ய முடியுமா என்பதைத் தாவரவியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தலபுராணம் சொல்வது இது. புழல் கோட்டையைக் குறும்பர்கள் ஆண்டார்கள். தொண்டைமான் படையெடுத்துப் போய் முதலில் தோற்றான். திரும்பும் வழியில் யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கியது, வாளால் வெட்டினான், உள்ளேயிருந்த லிங்கத்தில் ரத்தம் வந்தது. இறைவன் நந்தியைத் துணைக்கு அனுப்பினார். அதனால்தான் இன்றும் அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல், புறப்படத் தயாராக, கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வென்ற தொண்டைமான் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவைதான் அந்தத் தூண்கள்.

எல்லாரையும் போல நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. போர்க்கொள்ளையைப் பற்றித் தலைமை உரை ஆற்றப் போகிறவன் காலையில் முதல் வேலையாகக் கும்பிட்டிருப்பது போரில் எடுத்துவந்த பொருளை.

இந்தச் சங்கடத்தை உங்கள் முன் வைத்துவிட்டே தொடங்க விரும்புகிறேன். பறிகொடுத்தவர்களாக மட்டுமே நம்மை எண்ணிப் பழகிவிட்டோம். கோஹினூர் எப்போது வரும் என்று கேட்பது எளிது. ஆனால் பறித்ததற்கும் நம் மொழியில் இலக்கணமே இருக்கிறது. ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியர் சொன்ன துறைகளில் ஒன்று பாதீடு. கவர்ந்து வந்த ஆநிரையை மறவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது. அதையடுத்து உண்டாட்டு, அதன்பின் கொடை. எடுப்பது, பிரிப்பது, குடித்துக் கொண்டாடுவது, மிஞ்சியதைக் கொடுத்துப் புகழ் தேடுவது. உலகத்துப் படைகள் எல்லாம் பின்னாளில் இந்த வரிசையில்தான் நடந்துகொண்டன.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். தாராசுரத்தில் இருந்தவர். முகத்தைப் பார்த்தாலே சோழநாட்டு ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். முதலாம் இராசாதிராசன் சாளுக்கியர் தலைநகர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்தவர் இவர் என்று பீடத்திலேயே தமிழில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் எனக்கு அந்தச் சோழன்மேல் மரியாதை உண்டு. எங்கிருந்து, யார், எப்படிக் கொண்டுவந்தது என்பதை ஒளிக்காமல் பொருளின்மேலேயே எழுதினான். இன்றைக்குப் பல அருங்காட்சியகங்களின் பெயர்ப்பலகைகளில் அந்த மூன்றுக்கும் இடமில்லை. ‘18ஆம் நூற்றாண்டு, தென்னிந்தியா’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் கொடுத்தால் நகரை விட்டுவிடுவதாக ஆங்கிலேயரோடு பேரம் பேசினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் தூப்ளே அதை ஏற்கவில்லை. 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பும் வரை நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருந்தது. அந்தக் காலத்துச் செய்திகளை நாள்தோறும் தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது பெரம்பூரில். சொந்த ஊர் சூறைபோன சேதியை, சூறையாடியவர்களின் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதுகிற நிலை அவருக்கு. அந்த நாட்குறிப்பை இந்த ஒரு கோணத்தில் வைத்து மட்டும் யாராவது படிக்க வேண்டும்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்தது. கோட்டைக்கு வெளியே நம்மவர் வாழ்ந்த கருப்பர் நகரத்துக்குள் நுழைந்த சிப்பாய்கள் வீடுகளையும் கிடங்குகளையும் உடைத்தார்கள், கிடைத்த சாராயத்தைக் குடித்தார்கள். பாதீட்டுக்கு முன்னாலேயே உண்டாட்டு. அந்த நேரம் பார்த்துக் கோட்டையிலிருந்து பாய்ந்து தாக்கிய ஆங்கிலத் தளபதியின் பெயர் வில்லியம் டிரேப்பர். பெயரை நினைவில் வையுங்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் அந்த நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் கொடுத்ததும் வாங்கியதும் ஐரோப்பியரின் பங்காளிச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். 1762இல் அதே டிரேப்பர் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். கூடவே சென்னைப் படையின் சிப்பாய்களும் லஸ்கர்களும் போனார்கள். போன இடம் ஸ்பெயின் ஆண்ட மணிலா. அக்டோபர் 6 அன்று நகரம் விழுந்தது, சூறையாடப்பட்டது. மேற்கொண்டு சூறையாடாமல் இருக்க 40 லட்சம் டாலர் கேட்டார்கள். பாதிக்கு ஸ்பெயின் அரசரின் கஜானா பெயரில் உண்டியல் எழுதி வாங்கினார்கள்; மாட்ரிட் அதை மதிக்கவே இல்லை. சான் அகுஸ்தின் மடத்தின் நூலகமும் கொள்ளைபோனது. அங்கிருந்து கிளம்பிய கையெழுத்துப் படிகளில் சில இன்று அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கின்றன.

டிரேப்பர் ஊர் திரும்பி, பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிளிஃப்டனில் வீடு கட்டி அதற்கு மணிலா மாளிகை என்று பெயர் வைத்தார். பிடித்த ஸ்பானியக் கொடிகளைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் தொங்கவிட்டார். கொடைத் துறை! அவரோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. படையை விட்டு ஓடி, மணிலாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பதினாறே ஆண்டுக்குள் கொள்ளை கொடுத்த நகரம் கொள்ளையடிக்கப் புறப்பட்டிருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது?

1799இல் திப்பு வீழ்ந்தபோது நடந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொள்ளை உங்களுக்குத் தெரிந்த கதை, நீட்டப் போவதில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உறுமுகிற, அங்கிருந்து போன மரப்புலியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது சிம்மாசனம். திப்புவின் பொன் தகடு போர்த்த சிம்மாசனத்தை முழுசாக மன்னருக்கு அனுப்ப கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி நினைத்தார். அதற்குள் பங்கு பிரிக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகள் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். கலைப்பொருளைப் பங்கு போட முடியாது, தங்கத்தைப் போடலாம். தளபதி ஹாரிஸ் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டதைக் கம்பெனி எதிர்த்தது. விவகாரம் பிரிவி கவுன்சில் வரை போய் அவர் பக்கமே தீர்ந்தது. எடுத்தது சரியா என்பதில்லை வழக்கு, எவ்வளவு எடுத்தது என்பதுதான். எனக்கு ரவுடிக் கொள்ளையைவிட இந்த ரசீதுக் கொள்ளைதான் அதிகம் பயமூட்டுகிறது.

1907இல் ஹேக் விதிகள் சூறையாடலைத் திட்டவட்டமாகத் தடைசெய்தன. 1954இல் பண்பாட்டுச் சொத்துக்கென்றே தனி உடன்படிக்கை வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் நாஜிகள் பாரிஸையே காலிசெய்தார்கள். அங்கே ழெ தெ போம் அருங்காட்சியகத்தில் ரோஸ் வலாண்ட் என்ற பெண்மணி, எந்தப் படம் எந்த வண்டியில் எங்கே போகிறது என்று ஜெர்மானியர் கண்ணில் படாமல் குறித்துக்கொண்டே இருந்தார். போருக்குப் பின் ஆயிரக்கணக்கான படங்கள் வீடு திரும்ப அந்தக் குறிப்புகள் வழிகாட்டின. வீடு திரும்பிய பொருள் நம் பக்கத்திலும் உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து அங்கேயே இறந்தார். 1815இல் எடுத்துப்போன அவருடைய அரியணை 1934இல்தான் கொழும்புக்குத் திரும்பியது.

அரியணைக்குக் கணக்கு இருக்கிறது. படை நடந்த பாதையில் இருந்த ஊர்களுக்கு இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் பூந்தமல்லி, கோட்டையும் கண்டோன்மென்டும் இருந்த ஊர். படைகள் போன சாலை இது. 1780இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிப் பாய்ந்தபோது குடியானவன் வீட்டு அண்டாவும் தாலிப்பொட்டும் எந்தப் பட்டியலில் ஏறின? இருந்த ஒரே பாதுகாப்பு புதைப்பது, இல்லையென்றால் தூக்கிக்கொண்டு ஓடுவது. இந்த ஊர்த் திருக்கச்சி நம்பிகள் ஆலவட்டம் வீசிய காஞ்சி வரதரே, முகலாயப் படைக்கு அஞ்சி உடையார்பாளையம் காட்டுக்குப் போய் 1710இல்தான் திரும்பினார். காஞ்சியின் பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை, தஞ்சையிலேயே இருந்துவிட்டாள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தது என்று பேப்பரில் படிக்கிறோம். தாசில்தார் வருகிறார், படம் எடுக்கிறார்கள், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி சிலை அரசிடம் போகிறது. யாருக்குப் பயந்து, எந்த ஆண்டு புதைத்தார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் அந்தக் குழியிலேயே தங்கிவிடுகிறது.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் எதுவானாலும், அது எங்கிருந்து, யாரால், எப்படி வந்தது என்று பெயர்ப்பலகையில் எழுதத்தக்க மூன்று வரியைக் கட்டுரையின் கடைசியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். திருமுல்லைவாயில் தூண்களுக்கான மூன்று வரியை நானே எழுதித் தருகிறேன். அதில் குறும்பர்களின் பெயரும் இருக்கும்.