ஒலிபெருக்கியின் முகத்திரை

தில்லியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள் உண்டு. அலுவலகம் விட்டு வந்ததும் நாகசுரமும் கச்சேரியும் கேட்பதற்கு அவையே துணை. சென்ற மார்கழியில் வந்திருந்த நண்பர் ஒருவர், "முகப்பிலுள்ள துணித் திரையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், தம்புராவின் நாதம் தனியே தெரியும்" என்றார். கழற்றினோம். தெரிந்தாற்போலவே இருந்தது. ஆயினும், அருமையாக வாங்கிய பொருளை இந்த ஊர்ப் புழுதியில் திறந்து போடுவதா என்று என் மனைவி ஐயுற்றாள்.

ஆகவே ஒரு சோதனை வைத்தோம். நான் கண்களை மூடிக்கொண்டேன். ஒரே பாடலின் ஒரே பகுதியை, திரையை மாட்டியும் கழற்றியும், பத்து முறை அவள் ஒலிக்கச் செய்தாள். கை வைக்காத வேளையிலும் கழற்றுவது போன்ற ஓசையை எழுப்பத் தவறவில்லை! நான் சரியாகச் சொன்னவை ஐந்து. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். பதினான்கு வயது மகளோ ஒன்பது சொன்னாள்.

இதன் காரணம் எளியதே. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அத்துணை நீண்ட அலைக்கு மெல்லிய துணியும் அதன் சட்டமும் ஒரு பொருட்டல்ல. 10,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ 3.4 சென்டிமீட்டரே. அது சட்டத்தின் விளிம்பில் மோதிச் சிதறுகிறது. ஜாலராவின் கூர்மையும், 'ச' போன்ற எழுத்துக்களின் சீறலும் இந்த உச்சப் பகுதியைச் சார்ந்தவை. வயது ஏற ஏற நம் செவி முதலில் இழப்பதும் அதனைத்தான். வேறுபாடு உண்டு; எனக்குத்தான் எட்டவில்லை.

மத்திய அலை வானொலியில் ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. ஆதலின் பழைய பெட்டியின் முகப்புத் துணியைக் கிழிப்பது வீண் வேலை. வால்வுப் பெட்டியாயின் அதன் பின்மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் இருக்கும்.

இன்னொன்று. சில உற்பத்தியாளர்கள் திரை இருக்கும் நிலையிலேயே ஒலியைச் சமன் செய்கிறார்கள். அத்தகையவற்றில் திரையை நீக்கினால் ஒலி காதைக் குத்தும். உடன் வந்த குறிப்பேட்டைப் பார்ப்பது நலம். குழந்தைகள் உள்ள வீட்டிலோ விவாதமே இல்லை. ட்வீட்டரின் மெல்லிய குமிழ் ஒரு விரல் பட்டாலே குழிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சிறுவன் அதை ஐயமற நிரூபித்துச் சென்றான்.

பிறகு வேறொன்று செய்தேன். சுவர் மூலையில் ஒட்டியிருந்த ஒலிபெருக்கிகளை ஒன்றரை முழம் முன்னே நகர்த்தினேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலியிலிருந்த குமுறல் அடங்கியது. அந்த வேறுபாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நானே பத்துக்குப் பத்தும் சொல்வேன். திரையைப் பொறுத்தவரை, மகள் கச்சேரி கேட்க உட்காரும்போது கழற்றுகிறாள், எழுந்திருக்கும்போது மாட்டிவிடுகிறாள்.