இயந்திரம் பேசிய விலைக்கு யார் பொறுப்பு?

துவாஸ் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சுமந்து செல்லும் வாகனங்களில் ஓட்டுநர் இல்லை. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தில் அவை தாமாகவே ஓடுகின்றன. இதைக் கண்டு வியப்போர் உண்டு. வேலை போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இயந்திரம் சுமை இழுப்பது வேறு, இயந்திரமே விலை பேசி ஒப்பந்தம் செய்து பணத்தைக் கைமாற்றுவது வேறு. அதில் பிழை நேர்ந்தால் யார் தலையில் விடியும்?

இக்கேள்வி சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கே வந்தது. குவாயின் என்ற நிறுவனம் இங்கு மின்னிலக்க நாணயச் சந்தை ஒன்றை நடத்தியது. 2017 ஏப்ரல் மாதம் தன் கணினி முறையின் மறைச்சொற்களை மாற்றியபோது, சந்தைக்கு விலை கொடுத்துவந்த நிரலில் அந்த மாற்றத்தைச் செய்ய அது தவறியது. நிரல் நின்றது. சந்தையில் விலை சொல்ல ஆளில்லை. பி2சி2 என்ற மற்றொரு நிறுவனத்தின் நிரலோ, போதிய விலை விவரம் கிடைக்காவிட்டால் 1 ஈதரை 10 பிட்காயினுக்கு விற்கும்படி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் 19 அன்று அந்த விலைக்கே வியாபாரம் முடிந்தது. வழக்கமான சந்தை விலையைப்போல அது ஏறத்தாழ 250 மடங்கு! பி2சி2 கணக்கில் 3,000க்கும் அதிகமான பிட்காயின்கள் சேர்ந்தன. மனிதர் எவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

மறுநாள் இதைக் கண்ட குவாயின், வியாபாரத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. வழக்கு எழுந்தது. இப்படியொரு விலை தவறு என்று எவருக்கும் தெரிந்திருக்குமே என்பது குவாயினின் வாதம். தெரிந்திருக்க அங்கே எவரும் இல்லையே! நிரலுக்கு மனம் ஏது? ஆகவே நிரலை எழுதியவரின் மனத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம். 2019ல் தீர்ப்பளித்த நீதிபதி சமையலறை மிக்சியை உதாரணம் காட்டினார். பொருளைப் போட்டு அதை ஓடவிட்டவரின் எண்ணமே கணக்கு. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், ஒரு நீதிபதி மாறுபட்ட போதிலும், குவாயின் ஒப்பந்தத்தை மீறியது என்பதை உறுதிசெய்தது.

வேறொரு நாட்டில் இன்னும் வேடிக்கை. ஏர் கனடாவின் உரையாடு நிரல், துக்கப் பயணக் கட்டணச் சலுகைபற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் பொருள்பட விமான நிறுவனம் வாதிட்டது. 2024ல் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க நேர்ந்தது. சிறு தொகைதான். ஆனால் அந்த வாதத்தின் துணிச்சல் சிறிதல்ல.

பி2சி2வின் நிரல், எழுதியதை எழுதியபடியே செய்யும் வகை. மிக்சிக்கு ஒப்பிட்டது அதனால்தான். தனக்கென மனம் இருப்பதாகச் சொல்லத்தக்க கணினிகளின் சங்கதி இவ்வழக்கில் எழவில்லை என்று அந்த நீதிபதியே ஒதுக்கிவைத்தார். இப்போது வணிகத்துக்குள் நுழையும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் அப்படி வரிவரியாக எழுதப்பட்டவை அல்ல. “சரக்கு தீராமல் பார்த்துக்கொள்” என்று சொன்னால் போதும். வழியை அவையே வகுத்துக்கொள்ளும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடையை எண்ணிப்பாருங்கள். பொங்கலுக்கு 200 கட்டு கரும்பு வேண்டிய இடத்தில், முகவர் நிரல் இரவோடிரவாக 2,000 கட்டுக்குச் சொல்லிவிடுகிறது. மறுமுனையில் சரி சொன்னதும் நிரல்தான். இங்கே யார் மனத்தைப் பார்ப்பது? எங்கோ இருக்கும் மென்பொருள் நிறுவனத்தின் மனத்தையா, தூங்கிக்கொண்டிருந்த கடைக்காரர் மனத்தையா? அடுத்த வழக்கு இங்கிருந்துதான் பிறக்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அரசு 2019ல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரிக் கட்டமைப்பு, தீங்கு எவ்வளவு கடுமையானது, நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோட்டு, மனிதர் எந்த அளவுக்குக் குறுக்கிடவேண்டும் என்று முடிவுசெய்யச் சொல்கிறது. கடைக்காரருக்கு அதன் பொருள் எளிது. இத்தனை வெள்ளிக்கு மேல் போனால் நிரல் நிற்கவேண்டும், ஒரு மனிதர் ஒப்புதல் தரவேண்டும். அந்தத் தொகையை நிரல் விற்பவரிடம் விடாமல் கடைக்காரரே எழுதிக் கொடுக்கவேண்டும். விற்பவரோடு செய்யும் ஒப்பந்தத்தில், நட்டம் வந்தால் யார் ஏற்பது என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் தேடவேண்டும்.