உயர்காரா, நெடுங்காரா?



நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் என் தம்பி குடும்பத்தோடு வாழ்கிறான். எங்கள் அம்மாவும் அவனோடுதான் இருக்கிறார். அவருக்கு வயது 78. சில வாரங்களுக்கு முன் தம்பி தொலைபேசியில் என்னை அழைத்தான். "அண்ணா, பழைய பெற்றோல் காரைக் கொடுத்துவிட்டு மின்கார் ஒன்று வாங்கப் போகிறோம். எஸ்.யூ.வி. வாங்குவதா, எஸ்டேற் கார் வாங்குவதா என்று வீட்டில் இரண்டு கட்சியாக நிற்கிறோம். நீங்கள் முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவர். ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றான்.

கார் வாங்குவது சிறிய காரியமன்று. கடன்பட்டு வாங்குவது, பத்தாண்டேனும் வைத்திருக்க வேண்டியது. பெற்றோலா மின்சாரமா என்னும் வினா நோர்வேயில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. 2024 ஆம் ஆண்டில் அங்கே புதிதாகப் பதிவான கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது முற்றிலும் மின்சாரத்தால் ஓடுவன. ஆகவே எஞ்சி நிற்பது வடிவம் பற்றிய வினா. அவ்வினாவுக்கு நான் கண்ட விடையையும், அவ்விடையில் நான் விட்ட பிழையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இவ்விரு வகைகளும் எவை என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். எஸ்டேற் என்றதும் நம் நாட்டவர்க்குத் தேயிலைத் தோட்டமே நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் பெருநிலக்காரர் தம் பண்ணைகளில் ஆளையும் பொருளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய வண்டியே இப்பெயரைப் பெற்றது. அமெரிக்கர் அதனையே புகையிரத நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் கொண்டுசெல்லும் வண்டி என்ற பொருளில் 'ஸ்ரேசன் வாகன்' என்றனர். நோர்வே மொழியிலும் அதற்கு நிலைய வண்டி என்னும் பொருளுடைய பெயரே வழங்குகிறது. சாதாரணக் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, பொதிக்கு இடம் வைத்துச் செய்த கார் அது. பின்புறத்தில் மரச்சட்டம் இட்ட மொறிஸ் மைனர் காரைக் கண்ட முதியோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. எஸ்.யூ.வி. என்பதோ ஜீப் வண்டியின் வழிவந்தது. உடல் உயர்ந்தது, இருக்கையும் உயர்ந்தது. எளிமை கருதி முன்னதை நெடுங்கார் என்றும் பின்னதை உயர்கார் என்றும் இப்பேச்சில் குறிப்பிடுகிறேன்.

பெற்றோல் காரில் அத்துணை முக்கியமாகத் தோன்றாத வடிவம், மின்காரில் ஏன் முக்கியமாகிறது? ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 கிலோவாற்று மணிச் சக்தி அடங்கியுள்ளது. கிலோவாற்று மணி என்பது நம் வீட்டு மின்சாரப் பற்றுச்சீட்டில் 'அலகு' என்று குறிக்கப்படும் அதே அளவுதான். ஒரு நடுத்தர மின்காரின் பற்றரி 77 அலகு கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் கணக்கில் அது எட்டரை லீற்றர் மட்டுமே! எட்டரை லீற்றர் அளவு சக்தியைக் கொண்டு 500 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டுமென்றால், எவ்வளவு சிக்கனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோல் இயந்திரம் தன் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது. அப்பெரும் வீணுக்குள் வடிவத்தால் வரும் சிறு வீண் மறைந்து கிடந்தது. மின்மோட்டாரோ தான் பெற்ற சக்தியில் பெரும்பங்கைச் சில்லுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆதலால் காற்றுக்கு நாம் கொடுக்கும் கூலி கணக்கில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அக்கூலி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடுங் கார் 110 கிலோமீற்றரில் ஓடினால், வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை; காற்றின் தடையோ ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். நகரத்துக்குள் 40 கிலோமீற்றரில் ஓடும்போது அத்தடை மிகச் சிறிது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விளம்பரம் எனக் கருத வேண்டாம்; ஒரே நிறுவனம் இரு வடிவங்களையும் செய்வதால் ஒப்பிடுதல் எளிது என்பதே காரணம். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனத்தார் செய்த ஐ.டி. 4 என்பது உயர்கார், ஐ.டி. 7 ரூரர் என்பது நெடுங்கார். 2024 ஆம் ஆண்டு மாதிரிகளில் இரண்டையும் 77 அலகு பற்றரியோடு பெற முடிந்தது. இரண்டும் 2 தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையன. காற்றுத்தடைக் குணகம் உயர்காருக்கு 0.28, நெடுங்காருக்கு 0.24. நெடுங்கார் அரைச் சாணுக்குச் சற்றுக் குறைவாகப் பதிந்தும் நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உயர்கார் காற்றோடு போராடுவது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அதிகம். சோதனைச்சாலை அளவின்படி ஒருமுறை மின்னேற்றினால் உயர்கார் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் ஓடும். நெடுங்கார் ஏறக்குறைய 600 கிலோமீற்றர் ஓடும். பொதியிடம் உயர்காரில் 543 லீற்றர்; நெடுங்காரில் 605 லீற்றர். எனவே உயரமானதே விசாலமானது என்று எண்ணுவது எப்போதும் சரியாகாது. ஆனால் நெடுங்கார் 4.96 மீற்றர் நீளமுடையது, மற்றது 4.58 மீற்றர். நகரத்துத் தரிப்பிடத்தில் அந்த 38 சதமமீற்றர் தன்னை உணர்த்தாமல் விடாது.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரிஸ் நகர மக்களிடம் 2024 பெப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, அவ்வாண்டு ஒக்டோபர் முதல், கனமான கார்களில் வரும் வெளியாருக்குத் தரிப்பிடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினர். உயர்காருக்கு எதிரான சட்டம் என்றே அது பேசப்பட்டது. ஆனால் சட்டம் அளப்பது எடையைத்தான். மின்கார் 2 தொன்னை எட்டினால், நெடுங்காரும் அதில் அகப்படும். நோர்வேயிலும் 2023 முதல் மின்கார்களுக்கு எடைக்கேற்ற வரி உண்டு. ஆகவே கார் எவ்வடிவினதாயினும் அதன் எடையைப் பத்திரத்தில் பார்த்தறிதல் நன்று.

குளிர்நாட்டில் இன்னுமொரு சிக்கல் உண்டு. உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் உள்ள காற்று, 20 பாகைக் காற்றைவிடப் பத்திலொரு பங்கு அடர்த்தி கூடியது. பற்றரிக்குள் நிகழும் இரசாயன வினையும் குளிரில் மந்தமாகும். காருக்குள் இருப்போரைச் சூடாக வைக்கவும் அதே பற்றரியிலிருந்தே சக்தி எடுக்க வேண்டும். நோர்வே மோட்டார்ச் சங்கத்தார் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் பல மின்கார்களை ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கின்றனர். சோதனைச்சாலை அளவில் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்து நின்ற கார்கள் பல.

இனி உயர்காரின் பக்கம் நின்றும் பேசுவோம். மின்காரின் பற்றரி தரைக்குக் கீழே பலகைபோல் பரப்பப்பட்டுள்ளது. அதனால் காரின் தரை உயர்கிறது. கூரையைத் தாழ்வாக வைத்தால், பின்னிருக்கையில் இருப்போரின் முழங்கால் மேலெழுந்து, குந்தியிருப்பது போலாகிவிடும். கூரையை உயர்த்தினால் இக்குறை நீங்கும். செய்வோர் உயர்கார்களையே மிகுதியாகச் செய்வதற்கு, வாங்குவோரின் விருப்போடு இக்காரணமும் ஒன்று. ஆயினும் உயரம் கொடுக்காத ஒன்றை அது கொடுப்பதாக நம்பக் கூடாது. பனியில் வழுக்காமல் பிடிப்பது ரயரின் வேலை. நான்கு சில்லுகளும் இழுத்தால் புறப்படுவது எளிதாகும், நிறுத்துவது எளிதாகாது. மேலும் முன்முகம் உயர்ந்த வாகனத்தின் முன்னே நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குப் படாமற் போகலாம்.

இவ்வளவையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். என் தங்கை த்ரொண்ட்ஹெய்ம் நகரில் இருக்கிறாள். ஒஸ்லோவிலிருந்து அங்கே செல்ல ஏறக்குறைய 500 கிலோமீற்றர். பாதை டொவ்ரே மலையில் கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீற்றருக்கும் அதிகமாக ஏறி இறங்குகிறது. தம்பி குடும்பம் ஆண்டுக்கு ஆறு தடவை அங்கே போய்வருகிறது. நெடும்பாதை, வேகம், குளிர், பொதி என்று எல்லாம் நெடுங்காருக்கே சாதகமாக நின்றன. தம்பியை அழைத்து, "நெடுங்காரை வாங்கு, இதில் ஐயமில்லை" என்றேன்.

அப்போது அம்மா தொலைபேசியை வாங்கினார். "தம்பி, காற்றைப் பற்றி எல்லாம் விளக்கமாகச் சொன்னாய். நான் இருந்து எழும்புவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பனிக்காலத்து நெடுஞ்சாலையில் உயர்கார் 100 கிலோமீற்றருக்கு 25 அலகும் நெடுங்கார் 22 அலகும் செலவிடும் என மதிப்பிட்டால், முன்னது 308 கிலோமீற்றரும் பின்னது 350 கிலோமீற்றரும் ஓடும். பாதையோ 500 கிலோமீற்றர். அப்படியானால் இரண்டு கார்களும் வழியில் நின்று மின்னேற்ற வேண்டியவையே! கூடுதலான 42 கிலோமீற்றர் ஒரு தரிப்பையும் குறைக்கவில்லை. கோடையில் நெடுங்கார் நிற்காமலே சென்றுவிடக் கூடும். ஆனால் 78 வயதுடையவரை ஏழு மணி நேரம் நிற்காமல் யார் கொண்டுபோவது? கார் மின்னேற்றும் அரைமணி நேரம் அம்மாவுக்கு எப்படியும் வேண்டிய அரைமணி நேரம்.

மற்ற நாள்களையும் எண்ணிப் பார்த்தேன். ஆண்டில் பன்னிரண்டு நாள் மலைப்பாதை. எஞ்சிய நாள்களில் வைத்தியசாலை, கடை, கோயில், பிள்ளைகளின் பாடசாலை. எல்லாம் நகரத்துள் ஓடும் மெல்லோட்டம். காற்றின் கூலி அங்கே சிறிது. ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடி, 100 கிலோமீற்றருக்குச் சராசரி 2 அலகு அதிகம் செலவானாலும் மொத்தம் 300 அலகு. மாதத்துக்கு 25 அலகு. ஒருநாளில் நான்கு தடவை ஏறியிறங்கும் முழங்காலுக்கு அது பெரிய விலையா?

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பார்" என்றேன். தம்பியும் மனைவியும் அவ்வாறே செய்தனர். நெடுங்காரிலிருந்து எழும்ப அம்மாவுக்கு மருமகளின் கை வேண்டியிருந்தது. பெரிய உயர்கார் ஒன்றிலோ, அம்மா குள்ளமானவராதலால், காலைத் தூக்கி ஏறவே முடியவில்லை. நடுத்தர உயரமுள்ள காரில் பக்கவாட்டில் சாய்ந்து இருந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார். இறங்கும்போது தாமாகவே எழுந்து நின்றார். அதனையே வாங்க முடிவாயிற்று. அது நெடுங்காரைவிட விலை குறைந்தது என்பதில் தம்பிக்கும் மகிழ்ச்சி.

இதனால் உயர்காரே எல்லார்க்கும் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. முதியோர் இல்லாத வீடு, நாள்தோறும் நெடுஞ்சாலையில் தொழிலுக்குப் போகும் குடும்பம், தள்ளுவண்டியும் கூடாரமும் நாயும் ஏற்றிச் செல்வோர் ஆகியோர்க்கு நெடுங்காரே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். கூரை தாழ்ந்திருப்பதால் மேலே பொதி கட்டுவதும் அதில் எளிது. செலவில்லாத அழகுக்காக உயர்காரை வாங்குகிறோம் என்று எண்ணுவோர், அவ்வழகுக்குக் காற்று மாதந்தோறும் பணம் கேட்கும் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில் தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின், மின்கார்களைப் பற்றிய பேச்சு இங்கும் மிகுந்துள்ளது. இங்கே பனியில்லை, அதிவேகப் பாதைகள் நீங்கலாக வேகமும் குறைவு. ஆகவே வடிவத்தால் வரும் வேறுபாடு நோர்வேயைவிட இங்கே சிறிது. எனினும் வாங்க நினைப்போர் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றே. ஒரு தாளை எடுத்து, சென்ற ஆண்டில் எங்கெங்கே போனோம், எத்தனை நாள் போனோம், யாரைக் கூட்டிக்கொண்டு போனோம் என்று எழுதுங்கள். பிறகு, அவர்களில் மிகவும் மெலிந்தவரைக் காரில் இருத்தி எழுப்பிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் கிலோமீற்றரை அதற்குப் பின் கேட்கலாம்.

முப்பது ஆண்டு பௌதிகம் படிப்பித்தவன் இதனை அம்மாவிடமிருந்தே கற்க வேண்டியிருந்தது. நேயர்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டியதில்லை.