ஒரு திரை தைப்போம்



பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். என் கையில் இருப்பது இஞ்ச் டேப். இதில் உள்ள எண்கள் சிறியவை. தூரத்தில் இருந்தால் தெரியாது.

இன்று வீட்டுக்குத் திரை தைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் ஸ்கிரீன் என்பீர்கள். இங்கே மும்பையில் பர்தா என்கிறார்கள்.

"பங்களாவுக்குத்தானே திரை வேண்டும்? நம்முடைய பத்துக்குப் பத்து அறைக்கு எதற்கு?" என்று ஒரு அக்கா வரும்போதே கேட்டார். நல்ல கேள்வி. பங்களாவில் திரை அழகுக்குத் தொங்குகிறது. அங்கே மூடிக்கொள்ள நாலு கதவு இருக்கிறது. தாராவியில் நம் வீட்டுக்கு ஒரே கதவு. சமையல், படுக்கை, குளியல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே அறையில். நமக்குத் திரைதான் இரண்டாவது கதவு.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் அறையின் மூலையில் மோரி இருக்கிறது. ஊரில் இருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மோரி என்றால் குளிக்க, பாத்திரம் கழுவ உள்ள மூலை. முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர் இருக்கும். அதற்கு மேலே பழைய நைலான் சேலை ஒன்றைக் கட்டியிருந்தேன். மறைப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. திடீரென்று காலையில் குளிக்க மறுத்தாள். அப்பாவும் அண்ணனும் வெளியே போகும் வரை காத்திருப்பாள். பள்ளிக்கு நேரம் ஆகிவிடும். "சோம்பேறி" என்று திட்டினேன். ஒரு நாள் இருட்டிய பிறகு தண்ணீர்க் குடத்தோடு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மோரியில் அவள் நின்றாள். சேலைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அவள் உருவம் அப்படியே தெரிந்தது. சந்தில் போகிறவர் யாரும் பார்க்கலாம். குடத்தை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். அவள் ஏன் மறுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே முதலில் துணியைச் சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இரவில் உள்ளே விளக்கு எரியும். அப்போது எல்லாம் மாறிவிடும். துணியை விளக்குக்கு முன்னால் பிடியுங்கள். துணிக்கும் விளக்குக்கும் நடுவில் உங்கள் கையை நீட்டுங்கள். விரல்களை எண்ண முடிகிறதா? அந்தத் துணி திரைக்கு ஆகாது. அல்லது இரண்டு மடிப்பாகப் போட வேண்டும்.

அடுத்த நாளே துணி வாங்கப் போனேன். அங்கும் ஏமாந்தேன். அப்போது எனக்கு எண் படிக்கத் தெரியாது. ஒரு கயிற்றை எடுத்தேன். வேண்டிய உயரத்துக்கு அதில் முடிச்சுப் போட்டேன். கடைக்காரர் கயிற்றைப் பார்த்தார். மீட்டர் கோலை எடுத்து மளமளவென்று அளந்தார். கத்தரித்துக் கொடுத்தார். வீட்டில் வந்து கயிற்றை வைத்துப் பார்த்தேன். துணி ஒரு சாண் குறைவு. திரும்பிப் போய்க் கேட்டேன். "கயிறு நீண்டிருக்கும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்று தெரியும். கடையில் உள்ள மீட்டர் கோலில் அரசு முத்திரை இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "முத்திரையைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கக் கூடாது. அதையும் சொல்லலாம். சண்டை போட வேண்டாம். பக்கத்தில் நின்று, வாய்விட்டு எண்ணினாலே போதும்.

இப்போது டேப்பைப் பாருங்கள். இதற்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் அங்குலம், அதாவது இஞ்ச். மறுபக்கம் சென்டிமீட்டர். நம் நாட்டில் மீட்டர் அளவுக்கு 1956-இல் சட்டம் வந்தது. கடையில் துணியை மீட்டரில் விற்கிறார்கள். தையல்காரர் இன்னும் அங்குலத்தில் பேசுகிறார். இரண்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் என்பது 39 அங்குலமும் கொஞ்சமும். இரண்டரை மீட்டர் என்பது 98 அங்குலம்.

ஒரு வாசலுக்குக் கணக்குப் போடுவோம். சிலேட்டை எடுங்கள்.

வாசல் அகலம் 30 அங்குலம். திரை 30 அங்குலம் இருந்தால் போதாது. அது பலகை போல நிற்கும். காற்று அடித்தால் ஓரத்தில் இடைவெளி விழும். அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். 30-உம் 15-உம் 45. கடையில் 48 அங்குலப் பன்னாவில் துணி கிடைக்கும். அது சரியாக வரும். துணியின் இரண்டு பக்கமும் நெய்த கரை இருக்கும். கரையில் நூல் பிரியாது. அதை மடித்துத் தைக்க வேண்டாம். பாதி வேலை மிச்சம்.

இனி உயரம். கம்பியின் மேல்பக்கத்தில் இருந்து தரை வரை அளக்க வேண்டும். இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளங்கள். நம் வீட்டுத் தரை சமமாக இருக்காது. மூன்றில் சிறிய எண்ணை எடுங்கள். அது 80 என்று வைத்துக்கொள்வோம். திரை தரையைத் தொடக் கூடாது. ஒரு அங்குலம் கழித்தால் 79. மேலே கம்பி நுழைய மடிப்புக்கு 3. கீழ் மடிப்புக்கு 4. கூட்டுங்கள். 79, 3, 4. மொத்தம் 86. இரண்டரை மீட்டர் வாங்கினால் 98. பன்னிரண்டு அங்குலம் அதிகம் வாங்குகிறோம். ஏன்?

பருத்தித் துணி சுருங்கும். நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை சுருங்கலாம். முதல் தடவை நான் துவைக்காமல் வெட்டினேன். கடைக்காரர் குறைத்ததோடு தண்ணீரும் குறைத்தது. முதல் துவைப்பிலேயே திரை மேலே ஏறிவிட்டது. கால் எல்லாம் தெரிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. ஆகவே துணியை முதலில் தண்ணீரில் ஊற வையுங்கள். சாயத் துணியைத் தனியாக ஊற வையுங்கள். உலர்த்துங்கள். இஸ்திரி போடுங்கள். பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும்.

நேராக வெட்ட ஒரு வழி இருக்கிறது. 86 அங்குலத்தில் ஓரத்தில் சின்ன வெட்டு வெட்டுங்கள். அங்கே ஒரு குறுக்கு நூலை மெல்ல இழுத்து எடுங்கள். துணியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். சாக்பீஸ் கோடு கோணலாகப் போகலாம். நூல் கோணாது.

மேல் மடிப்பை இப்படிப் போடுங்கள். முதலில் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். பிறகு இரண்டரை அங்குலம் மடியுங்கள். மடிப்பின் கீழ் ஓரத்தில் தையுங்கள். இரண்டு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். கம்பி அதன் வழியாகத்தான் நுழையும். கீழே அரை அங்குலம், பிறகு மூன்றரை அங்குலம். கீழ் மடிப்பு கனமாக இருந்தால் திரை காற்றில் பறக்காது.

மிஷின் இல்லையே என்று கவலை வேண்டாம். ஊசி போதும். கீழ் மடிப்புக்கு ஹெம்மிங் தையல் போடலாம். மேல் மடிப்பு கனத்தைத் தாங்க வேண்டும். அங்கே ஓட்டுத் தையல் போடுங்கள். நாலு தையலுக்கு ஒரு தடவை பின்னால் போய் ஒரு தையல் போடுங்கள். நூல் ஓர் இடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரியாது.

புதுத் துணி வாங்கக் காசு இல்லையா? பழைய பருத்திச் சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 216 அங்குலம். அதில் 86 அங்குலத் துண்டு இரண்டு கிடைக்கும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரே திரையாகத் தையுங்கள். விரல் சோதனையில் தேறிவிடும். மீதி 44 அங்குலம் சின்ன ஜன்னலுக்கு ஆகும். வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தை நடுவில் வைத்து வெட்டாதீர்கள்.

மோரித் திரைக்கு மட்டும் கணக்கு வேறு. அது தரைக்கு மூன்று அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீரில் ஊறும். கறுப்புப் பூசணம் பிடிக்கும். குளித்த பிறகு திரையை விரித்தே விடுங்கள். ஒதுக்கிச் சுருட்டி வைத்தால் உலராது.

கொசுவைத் திரை தடுக்காது. பகலில் கொசு திரைக்குப் பின்னால் இருட்டில் போய் உட்காரும். காலையில் ஒரு தடவை உதறுங்கள்.

அடுப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். அடுப்புக்குப் பக்கத்தில் திரையே வேண்டாம். காற்றில் பறந்தாலும் அடுப்பை எட்டாத தூரத்தில் கட்டுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி தீயில் உருகும். தோலில் ஒட்டிக்கொள்ளும். சாமி விளக்குக்கும் இதே பேச்சுத்தான்.

என் இரண்டாவது திரையை இந்தக் கணக்கில்தான் தைத்தேன். அதற்குள் எழுத்து வகுப்பில் சேர்ந்து நூறு வரை எண் படித்திருந்தேன். மாட்டிய அன்று இரவு விளக்கைப் போட்டேன். மகளை உள்ளே நிற்கச் சொன்னேன். நான் வெளியே சந்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "அம்மா, தெரியுதா?" என்று கேட்டாள். "தெரியலடி" என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டாள்.

நாளை வரும்போது உங்கள் வீட்டு வாசலை அளந்து வாருங்கள். மூன்று இடத்திலும் அளங்கள். மூன்று எண்ணையும் நோட்டில் எழுதி வாருங்கள். டேப் இல்லாதவர்கள் இன்று என்னிடம் வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டு டேப்தான் இருக்கிறது. நாலு வீட்டுக்கு ஒன்றாகச் சுற்றுங்கள்.