அடைமொழியும் தன்மதிப்பும்

 

வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் அவ்வேலை விளங்கும்.

மேல்நிலைப் படிப்பை முடித்த நம் பிள்ளை ஒருவன், உதவித்தொகைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் திருத்தித் தருமாறு கொண்டுவந்தான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் முதல் வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது. தான் 'லோ' சாதியைச் சேர்ந்தவன் என்று அவன் எழுதியிருந்தான். "ஏன் தம்பி இப்படி எழுதினாய்?" என்று கேட்டேன். "தாழ்த்தப்பட்ட என்பதற்கு ஆங்கிலம் அதுதானே, ஐயா?" என்றான்.

இளைஞர்களே, 'லோ' என்றால் தாழ்ந்த என்று பொருள். தாழ்ந்த என்பதும் தாழ்த்தப்பட்ட என்பதும் ஒன்றாகுமா? வயலில் வரப்பு தாழ்ந்தது என்றால், மழையில் கரைந்து தானே இறங்கியிருக்கலாம். வரப்பு தாழ்த்தப்பட்டது என்றால், மண்வெட்டி பிடித்த கை ஒன்று உண்டு. முன்னது தன்வினை; பின்னது செயப்பாட்டுவினை. அந்தக் கை யாருடையது என்று கேட்கும் உரிமையைச் செயப்பாட்டுவினை நமக்குத் தருகிறது. 'லோ' என்று எழுதியதால் அவன் அவ்வுரிமையை அறியாமலே விட்டுக்கொடுத்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம்மைக் குறிக்க 'டிப்ரெஸ்டு' என்ற அடைமொழி வழங்கியது. கீழே அமுக்கப்பட்ட என்பது அதன் வேர்ப்பொருள். ஆயினும் வழக்கில் அது பெரும்பாலும் ஒரு நிலைமையையே சுட்டும். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்திற்கும் 'டிப்ரெஷன்' என்றே பெயர். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது, இதைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. அது இயற்கை. நம் நிலையோ இயற்கையன்று.

இதனோடு ஒலியால் நெருங்கிய மற்றொரு சொல் 'ஒப்ரெஸ்டு'. ஒடுக்கப்பட்ட என்று பொருள். இச்சொல்லைக் கூறியவுடனே ஒடுக்கியவன் ஒருவன் கண்முன் வந்து நிற்பான். பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் 1925இல் நம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பில் இந்த அடைமொழியையே வைத்தார்.

அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அளித்த துணை மனுவில், 'டிப்ரெஸ்டு' என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டனர். வாக்குரிமைக்கும் பிரதிநிதித்துவத்திற்கும் போராடிய அவர்கள், பெயரையும் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 'ஷெட்யூல்டு' என்ற சொல் வந்தது. அட்டவணையில் சேர்க்கப்பட்ட என்பதே அதன் பொருள். 1936இல் அவ்வட்டவணை வெளியாயிற்று. பின்னர், அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. இச்சொல்லில் இகழ்ச்சியும் இல்லை, இரக்கமும் இல்லை. உரிமை மட்டுமே உண்டு. 'பேக்வர்டு' என்பதோ பின்தங்கிய என்று பொருள்படுவது. அது 1951இல் சேர்க்கப்பட்ட 15(4) பிரிவில் தனியாகவும், ஷெட்யூல்டு வகுப்பினர் தனியாகவும் குறிக்கப்பட்டுள்ளனர். ஆகவே விண்ணப்பத்தில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதுவது சொற்பிழையோடு நிற்காது. உரிமையையே தடம் மாற்றிவிடும்.

இவையெல்லாம் பிறர் நமக்குச் சூட்டியவை, அல்லது சட்டம் வகுத்தவை. நாமே கேட்டுப் பெற்ற அடைமொழி ஒன்று உண்டு. பழைய இழிபெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று வழங்க வேண்டும் என 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொணர்ந்தார்; அரசும் ஏற்றது. 'ஆதி' என்பதும் அடைமொழியே. அது தாழ்வைச் சொல்லவில்லை, முதன்மையைச் சொல்கிறது.

அந்தப் பிள்ளைக்கு நான் திருத்தித் தரவில்லை. அகராதியை அவன் கையில் கொடுத்தேன். அரைமணி நேரம் புரட்டியபின், 'லோ' என்பதை அவனே அடித்துவிட்டு 'ஷெட்யூல்டு' என்று எழுதினான். பிறகு நிமிர்ந்து, "இத்தனை நாளும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், ஐயா" என்றான். என் ஆசிரியப் பணியில் நான் பெற்ற பெரிய ஊதியம் அதுவே.

இளைஞர்களே! ஒத்த பொருளுடையவை போலத் தோன்றும் இரு சொற்களைக் கண்டால், அகராதியைத் திறவாமல் ஒன்றையும் எழுதாதீர்கள். தேர்வுக்காக மட்டும் கூறவில்லை. உங்களைப் பற்றி நீங்களே எழுதும் வரியில், பிறர் வைத்த தாழ்வு நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூறுகிறேன். 25 ஆண்டுகளாக இச்சங்கம் ஏற்றிவரும் கல்வி விளக்கு அந்த ஒரு வரியிலும் ஒளிரட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.